சித்திரையில் ஒரு வண்டி, மார்கழியில் ஒரு வண்டி

கிருஷ்ணப்பிரியா அந்த நீல நிற ஸ்போர்ட்ஸ் காரை வாங்கியபோது அலுவலகத்தில் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். ரெண்டு கதவு வண்டியில் யாரை ஏற்றிக்கொண்டு போவாய்? அவள் கரூர்க்காரி. அம்பத்தூரில் மென்பொருள் வேலை, அயனம்பாக்கம் ஏரிப் பக்கம் ஒரு பிளாட்டில் தனியாக வாசம். கார் ஏற்கெனவே ஒருவர் ஓட்டியது. ஆனால் டர்போ இன்ஜின். ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொள்ளும்.

பக்கத்து வீட்டு எல்லம்மா மட்டும் வேறு கேள்வி கேட்டாள். அவளும் அவள் வீட்டுக்காரர் ஜம்புலிங்கமும் அந்த ஊரின் பழைய குடும்பம். தண்ணீர் கேன் போடும் தொழில். கேன் ஏற்றும் பிக்கப்பை எல்லம்மாதான் ஓட்டுவாள்.

"இன்னாமா, உன் வண்டி போவசொல்ல விசிலு அடிக்குதே, அது இன்னாது?"

"அது டர்போ சத்தங்கக்கா."

"எங்க வண்டி பின்னாலயும் டர்போன்னுதான் எழுதிகீது. அது ஏன் அடிக்க மாட்டுது?"

கேட்டே பார்த்துவிடலாம் என்றாள் கிருஷ்ணப்பிரியா. அந்தச் சனிக்கிழமை பிக்கப்பின் இன்ஜினைத் திறந்து வைத்து, ஜம்புலிங்கத்தை ஆக்ஸிலேட்டரை மிதிக்கச் சொல்லிவிட்டு, பெண்கள் இருவரும் குனிந்து காதைக் கொடுத்தார்கள். டீசல் இரைச்சலுக்கு அடியில், கொசு பாடுகிற மாதிரி மெல்லிசாக ஒரு விசில்.

"அட, அடிக்குது!" எல்லம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "தெனம் கூடவே சுத்துறேன், கேட்டதே இல்லையே."

வெளியே போகும் புகை ஒரு சின்னச் சக்கரத்தைச் சுழற்றும், அது இன்ஜினுக்குள் கூடுதலாகக் காற்றைத் திணிக்கும், அந்தச் சக்கரத்தின் சத்தம்தான் இது என்று கிருஷ்ணப்பிரியா சொன்னாள். அன்றிலிருந்து கார் எங்கே போனாலும் எல்லம்மாவுக்கு அதன் சேதி வேண்டும்.

சித்திரை பிறந்ததும் கார் மந்தமாகிவிட்டது. காலையில் பாய்கிற வண்டி மத்தியானம் அவுட்டர் ரிங் ரோட்டில் ஏறினால் முனகியது. திருமழிசையில் பட்டறை வைத்திருந்த அப்துல் ரசாக்கிடம் கொண்டுபோனாள். அவர் பிளக், பெட்ரோல் பம்ப் எல்லாம் பார்த்தார். குறை ஒன்றும் இல்லை.

"அக்னி வெயில்மா. எல்லா வண்டியும் இப்படித்தான்" என்றார்.

அவளுக்கு அது போதவில்லை. வெயிலுக்கும் இன்ஜினுக்கும் என்ன சம்பந்தம்? காரோடு போனை இணைக்கும் ஒரு சின்னக் கருவி வாங்கி, இன்ஜினுக்குள் போகும் காற்றின் சூட்டைப் பார்த்தாள். அம்பத்தூர் சிக்னலில் நின்று கிளம்பினால் டீ மாதிரி கொதித்தது. சூடான காற்று லேசாகிவிடும்; எவ்வளவு திணித்தாலும் சத்து இருக்காது. திணித்த காற்றை ஆற்றுவதற்கு முன்பம்பருக்குள் இன்டர்கூலர் என்று ஒரு தகட்டுப் பெட்டி இருந்தது. பள்ளிக்கூட சிலேட்டு அளவுதான்.

பெரிய இன்டர்கூலர் ஒன்று வரவழைத்தாள். ரசாக் முதலில் அட்டையை வெட்டி வைத்துப் பார்த்தார். பிறகு பம்பரின் உள்பக்கத்தை அறுத்து அதைப் பொருத்தினார்.

"சைலன்சரையும் மாத்திடலாமா? சிங்கம் கணக்கா உறுமும்."

"வேண்டாங்க பாய். போலீஸ் பிடிக்கும். அதோட விசிலும் கேக்காம போயிரும்."

கார் விழித்துக்கொண்டது. மத்தியானத்திலும் இழுத்தது. ஆனால் ஆடிக்காற்று புழுதி கிளப்பிய ஒரு நாள், எல்லம்மாவை ஏற்றிக்கொண்டு கோவில்பதாகைக்கு ஒரு சடங்கு வீட்டுக்குப் போகும் வழியில், 'உஸ்' என்று ஏதோ சீறியது. வண்டி தவழ ஆரம்பித்தது.

"ரேடியேட்டர் பூட்ச்சி" என்றாள் எல்லம்மா உறுதியாக.

போனில் ரசாக் பெட்ரோல் பம்ப் மேல் பழி போட்டார். கிருஷ்ணப்பிரியா இரண்டையும் நம்பவில்லை. வீட்டுக்கு மெல்ல ஓட்டிக்கொண்டு வந்து, காற்று போகும் குழாயின் வாயை அடைத்து, டயருக்கு அடிக்கும் பம்பால் மெல்லக் காற்றேற்றினாள். எல்லம்மா சோப்புத் தண்ணீரை ஒவ்வொரு இணைப்பிலும் தடவிக்கொண்டே வந்தாள். புது இன்டர்கூலரின் இடப்பக்க வளைவில் நுரை குமிழ்விட்டது. ஒரு கிளிப் நழுவியிருந்தது, அவ்வளவுதான்.

"ரேடியேட்டர் இல்லியா?" எல்லம்மாவுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. போனில் காற்றின் சூடு அவள் ஆசைப்பட்ட இடத்துக்கு இறங்கியிருந்தது. ஆனால் தெருவில் முட்டளவு தண்ணீர். தாழ்வாக உட்கார்ந்திருந்த இன்டர்கூலரோடு காரை வெளியே எடுக்க முடியாது. பார்க்கிங்கில் மூடி வைத்துவிட்டு எல்லம்மாவின் பிக்கப்பில் பஸ் ஸ்டாப் வரை போய்வந்தாள்.

"நல்லா கீதுமா உன் கதை. ரோடு இருந்தா காத்து இல்ல, காத்து இருந்தா ரோடு இல்ல."

மார்கழியில் இரண்டும் கூடிவந்தன. ஒரு ஞாயிறு காலை, பனி இன்னும் கலையாதபோது, இருவரும் அவுட்டர் ரிங் ரோட்டுக்குப் போனார்கள். சாலை காய்ந்து வெறிச்சோடிக் கிடந்தது. கிருஷ்ணப்பிரியா அழுத்தியதும் கார் அதுவரை ஓடாத மாதிரி ஓடியது. சித்திரையில் முனகின வண்டி இதுதானா என்று அவளுக்கே சந்தேகம். ஓரமாக நிறுத்திவிட்டுப் போனில் எண்களைக் காட்டினாள்.

எல்லம்மா எண்களைப் பார்க்கவில்லை. "எல்லாத்தையும் சொன்ன. ஓட்டக் குடுத்தியா?"

கிருஷ்ணப்பிரியாவுக்குச் சுருக்கென்றது. குடுக்கலாம் என்று ஒருநாளும் தோன்றவில்லை. அதைவிட, குடுக்க மனசு இப்போதும் ஒரு கணம் தயங்கியது. ஒருத்தருக்கும் அந்த வண்டியை ஓட்டக் கொடுத்ததில்லை. இறங்கி இடப்பக்கம் வந்து உட்கார்ந்தாள்.

எல்லம்மா புடவையை இழுத்துச் செருகி, சீட்டை முன்னால் நகர்த்திக்கொண்டாள். கியர் இரண்டு முறை சண்டை போட்டது, பிறகு பணிந்தது. மெதுவாகப் போய், சட்டென்று அழுத்தினாள். கார் பாய்ந்தது. அவள் தலையைச் சாய்த்து எதையோ கவனித்தாள். பிறகு காலை எடுத்து வேகத்தைக் குறைத்தாள்.

"மிதிச்ச ஒடனே போவல. ஒரு நொடி யோசிச்சிகினு, அப்பாலதான் போவுது. ஏன்?"

"அந்தச் சக்கரம் சுத்திப் பிடிக்கற நேரங்கக்கா. பெரிய இன்டர்கூலர் வெச்சதுல அது இன்னுங் கொஞ்சம் கூடியிருக்கலாம். காத்து ரொம்ப தூரம் சுத்தி வரணுமில்ல?"

"கூடிச்சா இல்லியா?"

கிருஷ்ணப்பிரியா போனில் இருந்த எண்களைத் திரும்பப் பார்த்தாள். சூட்டை மட்டுமே அளந்திருந்தாள். இதை அளக்கவே இல்லை.

"தெரியலைங்கக்கா."

"அப்ப பாத்துருவோம்" என்று கண்ணாடியில் பின்னால் வண்டி வருகிறதா என்று பார்த்தாள் எல்லம்மா. "நீ போனைப் புடி. நான் மிதிக்கசொல்ல 'ங்'ன்னுவேன். எத்தினி நேரத்துல இழுக்குதுன்னு எண்ணு. அப்பால பழச மாட்டி இன்னொரு தபா எண்ணிக்கலாம்."

"சரிங்கக்கா" என்று கிருஷ்ணப்பிரியா பெல்ட்டை இறுக்கிக்கொண்டாள்.