எட்டு மணி ரத்தம்

காலையிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. இன்று ரிசல்ட் வருகிறது. ரத்தம் கொடுத்தவர் என் வீட்டுக்காரர், போனையே எடுத்து எடுத்துப் பார்ப்பது நான். "இந்தத் தடவையும் குறைஞ்சிருந்தா யாரையும் கேக்க மாட்டேன், ஊசிதான்" என்று நேற்றே சொல்லிவிட்டார்.

அவர் பேக்கரியில் அடுப்பு மாஸ்டர், வயது அறுபத்து மூன்று. ஊர் தூங்கும்போது மாவு பிசைந்து, ஊர் எழும்போது வீடு திரும்புகிறவர். முப்பத்தொரு வருடமாக இதே பிழைப்பு. சில மாதமாக அசதி, எதிலும் பிடிப்பில்லை. மகள் விடாப்பிடியாக ரத்தம் கொடுக்க வைத்தாள். ஆண்களுக்கான ஹார்மோன், டெஸ்டோஸ்டிரோன், குறைவு என்று தாள் வந்தது.

மனுஷன் இடிந்து போனார். தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தார். கூட வேலை செய்யும் பயில்வான், ஒரு மூட்டை தூக்கினால் மூன்று நாள் லீவு போடுகிற ஆள், எங்கிருந்தோ அந்த ஹார்மோன் ஊசி மருந்துக் குப்பி ஒன்றை வாங்கிக் கொடுத்திருந்தான். ஃப்ரிட்ஜில் முட்டைக்குப் பின்னால் அதைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏதாவது ஆனா யாருங்க பதில் சொல்றது?"

"உனக்கென்ன தெரியும், சும்மா இரு."

சும்மா இருப்பேனா? டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனேன். ஊசி போட்டால் ரத்தம் கெட்டியாகலாம், புராஸ்டேட்டைப் பார்க்க வேண்டும், ஒரே டெஸ்டை வைத்து முடிவு கட்டக் கூடாது என்று அடுக்கினார். பிறகு, "ரத்தம் எத்தனை மணிக்குக் கொடுத்தீங்க?" என்றார்.

"சொன்னபடி காலையில எட்டு மணி. ஒரு நிமிஷம் பிந்தலை."

"தூங்கி எழுந்து எவ்வளவு நேரம் கழிச்சு?"

இவர் விரல் விட்டு எண்ணினார். "பத்து மணி நேரம் இருக்கும். வேலை முடிஞ்சு நேரா போனேன்."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "நல்லாத் தூங்கி எழுந்தாத்தான் காலையில அது கூடுதலா இருக்கும். உங்களுக்கு எட்டு மணிங்கறது நாள் முடியற நேரம். இத்தனை வருஷத் தூக்கமும் கெட்டிருக்கு. அது சர்க்கரை, இதயம் வரைக்கும் பாதிக்கும். மூணு வாரம் லீவு போட்டு ராத்திரியில தூங்குங்க, அப்புறம் மறுபடி ரத்தம் கொடுத்துப் பாக்கலாம்."

முதல் வாரம் கூண்டில் அடைத்த புலிதான். அடுத்த வாரம் ஒரு நாள் நான் கண் விழித்தபோது, டீ போட்டுக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "நல்லாத் தூங்கினியா?" என்றார். முப்பத்தொரு வருடமாக நான் எழும்போது பக்கத்தில் தலையணைதான் இருக்கும்.

பதினொரு மணிக்கு மகள் போன் செய்தாள். அளவு சரியாக இருக்கிறதாம். இவர் போனை என்னிடம் திணித்துவிட்டுச் சமையலறைக்கும் கூடத்துக்கும் நடந்தார், கால் தரையில் பாவவில்லை. எனக்கும் ஆடத் தோன்றியது. அதற்குள் வேலைச் சட்டையை மாட்டத் தொடங்கிவிட்டார். லீவு இன்றோடு முடிகிறது. என் சந்தோஷம் பாதியில் நின்றது.

"இன்னைக்கே ராத்திரி வேலைக்குப் போகணுமா?"

அவர் ஃப்ரிட்ஜைத் திறந்து குப்பியை எடுத்து என் கையில் வைத்தார். "இதை டாக்டரம்மாகிட்ட கொடுத்துடு. நான் முதலாளியைப் பாத்துப் பகல் வேலை கேக்கப் போறேன்."

"தரலைன்னா?"

"வேற அடுப்பா இல்லை?" செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பிப் பார்த்தார். "நாளைக்குக் காலையிலயும் டீ நான்தான் போடுவேன். நீ எழுந்திருக்காத."