அஜீஸா வீட்டுப் புரட்டாசி

1963-ஆம் ஆண்டு நாச்சியாபுரத்தில் அஜீஸாவின் வீட்டுக்கு மட்டும் புரட்டாசி மாதம் வரவில்லை. ஆவணி முப்பத்தொன்று படுத்தவள் ஐப்பசி ஒன்றாம் தேதி காலை எழுந்தாள். நடுவில் இருந்த முப்பது நாளும் அந்த வீடு தெருவில் இல்லை. இடப்பக்கத்து வீட்டுச் சுவரும் வலப்பக்கத்து வீட்டுச் சுவரும் ஒட்டிக்கொண்டு நின்றன. தபால்காரர் இரண்டு முறை வந்து பார்த்துவிட்டு, கடிதத்தின் மேல் 'வீடு இல்லை' என்று எழுதித் திருப்பி அனுப்பினார். வேறு யாருக்கும் இதில் சிரமம் ஏற்படவில்லை.

காரணம் தோட்டம்தான். 1961-இல் கல்யாணம் முடிந்த நாற்பதாம் நாள் ஜெய்னுலாபுதீன் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்குக்குப் போனார். அங்கே ஓர் ஆட்டுக்கறிச் சாப்பாட்டுக் கடையில் சமையல் வேலை. மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஒரு மாதம் லீவு, எந்த மாதம் என்பது முதலாளியின் பிரியம். போகும்போது அவர் மனைவியிடம் கேட்டது ஒன்றே ஒன்று. "எந்த மாசம் வந்தாலும் வாசல்ல ஏதாச்சும் பூத்திருக்கணும்." அஜீஸா இதை அலங்காரப் பேச்சாக எடுத்துக்கொள்ளவில்லை. மாயக்கண்ணனைக் கூப்பிட்டாள்.

பக்கத்து வீட்டு மாயக்கண்ணன், வலையபட்டியில் பூட்டிக் கிடந்த பெரிய வீடுகளின் தோட்டங்களுக்குத் தண்ணீர் விடுகிறவர். முதலாளிகள் பார்க்காத பூக்களையெல்லாம் அவர் ஒருவரே பார்த்து வந்ததால், எந்தச் செடி எந்த மாதம் எழுந்திருக்கும் என்பது அவருக்கு அத்துப்படி. இருவரும் மூன்று வாரம் உட்கார்ந்து செடி தேர்ந்தெடுத்தார்கள். சித்திரைக்குச் சரக்கொன்றை, தெருவில் திரும்பும்போதே தெரியவேண்டும் என்பதால் மூலையில். வைகாசிக்கு மே பிளவர். ஆனிக்கு ரங்கூன் மல்லி, சுவரில் ஏறட்டும் என்று. ஆடிக் காற்றைத் தாங்கக் காகிதப்பூ. மார்கழிக்கு டிசம்பர் பூ, தைக்குச் சாமந்தி. இப்படிப் பதினோரு மாதத்துக்கும் ஆள் போட்டாயிற்று. புரட்டாசி வந்ததும் மாயக்கண்ணன் நின்றுவிட்டார்.

"அந்த மாசத்துல நாங்க நல்ல காரியம் எதையும் தொடங்கமாட்டோம், தங்கச்சி. கறியே திங்கமாட்டோம், செடிக்கு எங்குட்டுப் போறது? அரளி இருக்கு. அது வருசம் பூராப் பூக்கும், பாத்துக்கிரும்."

அரளி பார்த்துக்கொள்ளவில்லை. எல்லா மாதமும் பூப்பது எந்த ஒரு மாதத்துக்கும் பொறுப்பேற்காது. அரசு அலுவலகங்களில் முன்பே தெரிந்திருந்த இந்த உண்மை, தோட்டத்தில் அப்போதுதான் தெரியவந்தது. தனக்கென்று ஒரு செடிகூட வைக்காத வீட்டுக்குள் நுழையப் புரட்டாசி மறுத்துவிட்டது.

அஜீஸாவின் மாமியார் ஆசியா பீவிக்கு இதில் வருத்தமில்லை. "வருசத்துக்கு ஒரு மாசம் வயசு மிச்சம். யாருக்குக் கெடைக்கும்?" என்றார். அஜீஸாவும் பினாங்குக்கு எழுதிய கடிதத்தில் 'அனைவரும் சுகம்' என்றே எழுதினாள். மாதம் வராததை எந்த வரியில் எழுதுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

1964 ஆவணியில் பதில் வந்தது. பினாங்குத் தமிழர்கள் புரட்டாசியில் கறியைத் தொடுவதில்லை, கடையில் ஈ ஓட்டவேண்டியிருக்கிறது. ஆகவே முதலாளி இனி எப்போதும் புரட்டாசியில் மட்டுமே லீவு தருவார், இந்தப் புரட்டாசிக்கே வருகிறேன் என்று எழுதியிருந்தார் ஜெய்னுலாபுதீன். அஜீஸா கடிதத்தை மடித்துவிட்டு ஓடிப்போய், புரட்டாசிக்கென்று முன்பே ஊன்றியிருந்த செங்காந்தளின் மொட்டைப் பார்த்தாள். அது பச்சையாக, அவசரமில்லாமல் இருந்தது. ஐப்பசி இரண்டாம் தேதிதான் விரிந்தது.

இடையில் ஜெய்னுலாபுதீன் தகரப்பெட்டியோடு தெருவுக்கு வந்தார். இரண்டு சுவருக்கும் நடுவில் விரல் நுழைகிறதா என்று பார்த்தார். நுழையவில்லை. முப்பது நாளும் மாயக்கண்ணன் வீட்டிலேயே தங்கினார். ஆட்டுக்கறி சமைத்தே பேர் வாங்கியவர், ஒரு மாதம் முழுக்கக் கீரையும் புடலங்காயும் சாப்பிட்டார். தினமும் காலையில் எழுந்து போய்ச் சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருவார். கடைசி நாள் பெட்டியை அந்தச் சுவரடியிலேயே வைத்துவிட்டுக் கப்பலுக்குக் கிளம்பினார். மறுநாள் காலை கதவைத் திறந்த அஜீஸாவின் முன்னால் பெட்டி இருந்தது. உள்ளே ஒரு சேலை, அத்தர் புட்டி, 'வந்தேன்' என்று ஒரு சீட்டு.

மாயக்கண்ணன் ஒரு வாரம் வெளியே வரவில்லை. வந்தபோது கையில் பவளமல்லிக் கன்று இருந்தது.

அது வளர மூன்று வருடம் ஆயிற்று. அதற்குள் வாக்காளர் பட்டியலுக்குப் பெயர் எழுத வந்தவர் புரட்டாசியில் வந்து போனதால், அந்த வீட்டில் இருவருக்கும் ஓட்டு இல்லாமல் போனது. 1967-இல் பவளமல்லி புரட்டாசி ஒன்றாம் தேதியே பூத்தது. வீடும் தெருவிலேயே நின்றது. ஜெய்னுலாபுதீன் வாசலைத் தாண்டி உள்ளே வந்தார். சோறு சாப்பிட்டார். அஜீஸாவிடம் மூன்று வருடப் பேச்சைப் பேசினார். ஆறாம் நாள் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போனார். அவர் தொழுதுகொண்டிருந்தபோது கடைசிப் பூவும் உதிர்ந்தது. திரும்பி வந்தபோது சுவரோடு சுவர் ஒட்டியிருந்தது. தொப்பியைக் கழற்றி மடித்துக்கொண்டு மாயக்கண்ணன் வீட்டுக்குப் போனார். அன்றும் புடலங்காய்தான்.

அந்த ஆறு நாளின் பலனாக அடுத்த ஆனியில் ஆபிதா பிறந்தாள். குழந்தை அத்தாவின் முகம் தெரியாமல் நடக்கப் பழகியது. அஜீஸா செடி பார்ப்பதை நிறுத்தவில்லை. ஒரு நாள் மாயக்கண்ணன் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"வாடாமல்லி போட்டா என்ன, தங்கச்சி?"

"அது குப்பைமேட்டுல மொளைக்கிறதுண்ணே. வாசல்லயா வைக்கச் சொல்றீக?"

"வாசல்ல ஆளையே காணோம். இதுல செடிக்கு மரியாத பாக்குற."

1970 ஆடியில் விதைத்தார்கள். புரட்டாசி பிறந்த அன்று வாசல் முழுக்க ஊதா உருண்டைகள். ஜெய்னுலாபுதீன் வந்தார், முப்பது நாளும் இருந்தார். ஜும்ஆவுக்குப் போனார், திரும்பி வந்தார், வீடு இருந்தது. ஆபிதா முதல் வாரம் அவரைக் கண்டு ஒளிந்தாள், இரண்டாம் வாரம் முதுகில் ஏறினாள்.

முப்பதாம் தேதி பெட்டிக்குக் கயிறு கட்டும்போது மாயக்கண்ணன் அரிவாளோடு வந்தார்.

"பூவ அறுத்திரு, தங்கச்சி. இது செடியில மாசக்கணக்கா அப்படியே நிக்கும். இது நின்னா உங்க வீட்டுல மாசமும் நின்னுபோகும்."

"நிக்கட்டும்."

"மத்த பதினோரு செடியும் பூக்காது. எட்டு வருசமா வளத்திருக்க."

அஜீஸா தோட்டத்தைச் சுற்றிப் பார்த்தாள். மூலையில் கொன்றை ஓடு உயரத்துக்கு வளர்ந்திருந்தது.

"அதுக பூத்ததப் பாத்தாச்சுண்ணே. இவுகளத்தான் இன்னும் சரியாப் பாக்கல."

மாயக்கண்ணன் அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டார். மறுநாள் தெருவில் ஐப்பசி பிறந்து எல்லா ஓட்டின் மேலும் மழை பெய்தது, அஜீஸாவின் ஓட்டைத் தவிர. அவள் வாடாமல்லிக்கு ஊருணியிலிருந்து குடம் குடமாகச் சுமந்தாள். நோன்பும் பெருநாளும் பிறையைப் பார்த்து வருபவை. தமிழ் மாதங்களோடு அவற்றுக்குப் பேச்சுவார்த்தை இல்லாததால் அந்த வீட்டுக்கு அவை தவறாமல் வந்தன. லீவு முடியவில்லையா என்று கேட்டுப் பினாங்கு முதலாளி எழுதினார். இங்கே இன்னும் புரட்டாசி என்று ஜெய்னுலாபுதீன் உண்மையை எழுதினார். முதலாளியும் இந்தப் பக்கத்துக்காரர். நியாயம் என்று கண்டு வேறு ஆள் வைத்துக்கொண்டார். ஜெய்னுலாபுதீன் காரைக்குடி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு கடையில் அடுப்படிக்குச் சேர்ந்தார். வெளியே எல்லா மாதமும் நடந்துகொண்டிருந்ததால் வியாபாரத்துக்குக் குறைவில்லை.

ஒவ்வொரு வருடமும் தினசரிக் காலண்டர் வந்ததும் அஜீஸா முப்பது தாளை எடுத்து வைத்துக்கொள்வாள். மீதியை ஆபிதாவிடம் கொடுத்து, தேவைப்படுகிற வீட்டில் கொடுத்துவிட்டு வரச்சொல்வாள்.