ஒரு வாரத்துக்கு வைத்த பேட்டரி

என் தொழில் சோலார் மாட்டுவது. கரண்ட் கம்பி எட்டாத வீடுகளுக்குக் கூரையில் பேனல், உள்ளே பேட்டரி, இன்வெர்ட்டர் எல்லாம் பொருத்திக் கொடுப்பேன். எட்டு வருடத்தில் என் வேலையை ஒரு வாடிக்கையாளரும் குறை சொன்னதில்லை. வாய்தான் கொஞ்சம் நீளம் என்பார்கள். அது பிறவிக் கோளாறு, ஒன்றும் செய்வதற்கில்லை.

ஊருக்கு வரும் கம்பி அக்கா வீட்டுக்கு அரை கிலோமீட்டர் முன்னாலேயே நின்றுவிடும். அந்த வீட்டுக்கும் நான்தான் மாட்டிக் கொடுத்தேன். அக்கா பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டுக் குஞ்சு பொரிக்கும் இன்குபேட்டர் ஒன்றை வாங்கி நடுக்கூடத்தில் வைத்திருந்தாள். நூற்றெண்பது முட்டை. இருபத்தொரு நாள் சூடு குறையாமல் இருக்க வேண்டும். முதல் ஈடு நல்லபடியாகப் பொரிந்தால் தொடரலாம், இல்லையென்றால் பழைய வேலையிடத்தில் போய்த் தலையைச் சொறிந்துகொண்டு நிற்க வேண்டும் என்று அவளே சொல்லியிருந்தாள்.

பதினைந்தாம் நாள் காலையில் மாமா போன் செய்தார். அக்காவின் கணவர். விடியும் முன்னே இன்வெர்ட்டர் கத்திவிட்டு அணைந்துவிட்டதாம்.

"அந்த பேட்டரி பெட்டிய ஒருதரம் வந்து பாத்துட்டுப் போயேம்மா" என்றார்.

"ராத்திரி டிவியக் கொஞ்சம் குறைங்க மாமா. நாளன்னிக்கு வரேன்" என்று வைத்துவிட்டேன். கையில் வேறொரு வாடிக்கையாளர் வேலை இருந்தது.

பதினேழாம் நாள் மதியம் போனபோது இன்குபேட்டரைச் சுற்றி மூன்று போர்வை. அக்கா தரையில் உட்கார்ந்து சூடுமானியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று காலையும் இரண்டு மணி நேரம் அணைந்ததாம். முகம் வாடி, கண் உள்ளே போயிருந்தது.

"எல்லாம் இவரு பாத்த மேட்ச்தான். சொன்னாக் கேட்டாத்தானே? ரெண்டு நாளா தொண்டத்தண்ணி வத்தக் கத்திட்டேன்" என்றாள்.

மாமா ஜன்னலோரம் தலையைக் குனிந்து நின்றார். நானும் சும்மா இருக்கவில்லை. "முட்டை இருக்கற வீட்டுல என்ன மாமா மேட்ச்? பொறுப்புன்னு ஒண்ணு வேணாம்?" என்று பொரிந்து தள்ளினேன். அந்தச் சின்ன டிவி எவ்வளவு மின்சாரம் தின்னும் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். அது தின்று இன்வெர்ட்டர் அணையவே அணையாது. திட்டுவதற்கு ஆள் தயாராக நிற்கும்போது யார் கணக்குப் பார்க்கிறார்கள்!

பின்பக்கம் போய்ப் பேட்டரிப் பெட்டியின் மூடியைத் திறந்தேன். உள்ளே இரண்டு பேட்டரிகள். ஒன்று புதிது. இன்னொன்று பழையது, துடைத்துப் பளபளப்பாக்கியது. நானே வைத்தது.

மாட்டிய அன்று வந்த இரண்டு புதுப் பேட்டரிகளில் ஒன்று விரிசல் விட்டிருந்தது. வண்டியில் வேறொரு வீட்டிலிருந்து கழற்றிய பழசு கிடந்தது. பழசையும் புதுசையும் ஜோடி சேர்க்கக் கூடாது என்று ஊரெல்லாம் பாடம் எடுப்பவள் நான். ஒன்று சோர்ந்தால் மற்றதையும் இழுத்துக்கொண்டு படுத்துவிடும். ஆனாலும் வைத்தேன். "ஒரு வாரத்துக்குத்தான் மாமா, புதுசு வந்ததும் மாத்திடறேன். அக்காகிட்ட மூச்சு விடாதீங்க" என்றேன். புதுசும் வந்தது, அது ஒரு வாடிக்கையாளர் வீட்டுக்குப் போனது. அவர் பத்துத் தடவை போன் போட்டு என் உயிரை வாங்கினார். மாமா ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. நான் அடியோடு மறந்துபோனேன்.

பேனல் இணைப்பைக் கழற்றிவிட்டு மீட்டரை வைத்துப் பார்த்தேன். புதுசு பன்னிரண்டரை வோல்ட் காட்டியது, பழசு பத்தைத் தொடவே திணறியது. நிமிர்ந்தால் பின்னால் மாமா.

"வேற வீட்டுக்குக் கொண்டு போற புதுசு ரெண்டு வண்டியில இருக்கும்ல? மாத்திடு. நான் டிவி பாக்கறத விட்டதால சரியாயிடுச்சுன்னு சொல்லிக்கலாம்" என்றார் மெதுவாக.

வண்டியிலிருந்து எடுத்துவந்து இரண்டையும் மாற்றினேன். பத்து நிமிடம். ஒரு திருகாணியை இரண்டு முறை தவறவிட்டேன்.

கூடத்துக்கு வந்தபோது அக்கா உள்ளறை ஜன்னலைச் சாத்தி இருட்டாக்கி, முட்டைகளை ஒவ்வொன்றாக டார்ச் வெளிச்சத்தின்மேல் வைத்துப் பார்க்கத் தொடங்கியிருந்தாள். உயிர் இருந்தால் உள்ளே கருநிழல் ஒரு துள்ளு துள்ளும், ஓரத்தில் சிவப்பு நரம்பு தெரியும். துள்ளாததைத் தனித் தட்டில் வைத்தாள். நானும் மாமாவும் அந்த அறை வாசலில் நின்று பார்த்தோம். தட்டு நிறைந்துகொண்டே வந்தது.

"நாப்பத்தொண்ணு" என்றாள் கடைசியில். "மேட்ச் பாத்ததுக்கு நாப்பத்தொண்ணு."

மாமா என்னவோ சொல்ல வாயெடுத்தார். நான் முந்திக்கொண்டேன். பழைய பேட்டரி, ஒரு வாரம், மூச்சு விடாதீங்க என்றது, எல்லாவற்றையும் கொட்டினேன்.

அக்கா என்னைப் பார்க்கவில்லை. மாமாவைப் பார்த்தாள். "ரெண்டு நாளா வாயில என்ன வச்சிருந்தீங்க?"

"என்னைத் திட்டினா சாயங்காலத்துக்குள்ள மறந்துடுவ" என்றார் மாமா. "அவளத் திட்டினா ரெண்டு பேரும் வருஷக்கணக்குல பேசமாட்டீங்க. உங்க ரெண்டு பேரையும் எனக்குத் தெரியாதா?"

அக்கா தட்டைத் தூக்கி என் கையில் வைத்தாள். "கொல்லையில கொண்டுபோய்ப் புதை."

குழி தோண்டினேன். மாமா மண்வெட்டியை வாங்க வந்தார். "அவளே தோண்டட்டும்" என்று உள்ளிருந்து குரல் வந்தது. அவர் திரும்பிப் போய்விட்டார். நாற்பத்தொன்றையும் உடையாமல் அடுக்கினேன். சில இன்னும் வெதுவெதுப்பாக இருந்தன.

அக்கா எப்போது வந்து பக்கத்தில் நின்றாள் என்று தெரியாது.

"இன்னும் நூத்தி முப்பத்தொம்பது இருக்குடி. அது பொரியும்" என்றாள். பிறகு குனிந்து குழியில் ஒரு முட்டையைத் தொட்டுப் பார்த்தாள். "ரெண்டு நாளா தப்பான ஆளத் திட்டியிருக்கேன். முட்டைய விட அதுதான் எனக்கு ஆறமாட்டேங்குது."

மண்ணைத் தள்ளி மூடினேன். இப்போதாவது என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் உள்ளே போய் மாமாவுக்கு டிவியைப் போட்டுவிட்டாள்.