ஆயிரத்து இருநூறு வோல்ட்

சட்டைப் பொத்தான் அளவு படிகத் தட்டு அது. வைரப் பசையில் தேய்த்துத் தேய்த்து அதன் விளிம்பைப் பளபளப்பாக்க அவளுக்கு ஏழு மாதம் பிடித்தது. உள்ளே விட்ட ஒளி விளிம்பை ஒட்டிச் சுற்றிக்கொண்டே இருக்கும். தட்டுக்கு ஒத்துவந்த சில நிறங்கள் மட்டும் தங்கும். தட்டின் மேலும் கீழும் உள்ள தங்கப் பூச்சில் வோல்ட் ஏற்றினால் அந்த நிறங்கள் இம்மியளவு நகரும். திரையில் ஓடும் கோட்டில் ஒவ்வொன்றும் ஒரு பள்ளமாகத் தெரியும்.

ஆய்வகத் தலைவர் அவளுடைய கூடப்பிறந்த அண்ணன். சேர்ந்த அன்றே சொல்லிவிட்டார்: "இங்க நீ பாலிஷ் போடுறவ, அவ்வளவுதான். அண்ணன் கிண்ணன்னு வாயத் திறக்காதடி."

அன்று சோதனையைப் பார்க்க ஒரு குழு வந்திருந்தது. அவள் வோல்ட் குமிழைத் திருகினாள். ஐந்நூறு, எண்ணூறு. பள்ளம் வழுக்கிக்கொண்டு போனது.

"அடுத்த பள்ளம் வரைக்கும் போகுமா?" என்றார் குழுத்தலைவி.

"தாராளமா." அண்ணன் அவள் பக்கம் திரும்பவே இல்லை. "ஏத்துங்க."

"ஆயிரத்தத் தாண்டினா பொறி பறக்கும். வேணாம்ணா." வாய் தவறி வந்துவிட்டது.

குழுத்தலைவி நிமிர்ந்தார். "உங்க தங்கச்சியா?"

"சேச்சே! இங்க எல்லாருமே என்னை அப்படித்தான் கூப்பிடுவாங்க. நீங்க ஏத்துங்கம்மா."

பிறந்ததிலிருந்து 'டி' போட்ட வாய். அவள் ஏற்றினாள். ஆயிரத்து இருநூறில் விளிம்பில் நீலமாக ஒரு பொறி. தட்டில் குறுக்கே விரிசல் விழுந்தது. பள்ளமெல்லாம் மறைந்து திரையில் வெறும் கோடு ஓடியது.

"அளவு தெரியாம ஏத்திட்டாங்க," என்றார் அண்ணன் வந்தவர்களிடம். அவளிடம், "மன்னிப்புக் கேளுங்க."

கேட்டாள். எல்லோரும் போனபின் பதிவேட்டில் 'தலைவர் சொல்லி ஏற்றியது' என்று எழுதினாள். அவர் படித்துப் பார்த்தார், அந்தத் தாளைக் கிழித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

வீட்டில் அம்மா கதவைத் திறந்ததும் திறக்காததுமாய், "ஏண்டி, பத்துப் பேர் முன்னாடி அவன் மானத்த வாங்கிட்டியாமே?"

"என்னைத் தங்கச்சியே இல்லைன்னுட்டாரும்மா."

"சொன்னா என்ன, தேஞ்சா போயிடுவே?"

மறுநாள் அவள் மேசைமேல் புதுப் படிகக்கட்டி ஒன்று இருந்தது. பக்கத்தில் ஒரு துண்டுச்சீட்டு, அண்ணன் கையெழுத்தில்: 'நாலு மாதத்தில் வேண்டும்.'

அவள் முகம் கழுவிக்கொண்டு வந்து, பசையைக் குழைக்க ஆரம்பித்தாள்.