சமையலறை முறை

ஆய்வாளருடைய மாமியாருக்குப் பொய் சொல்ல வராது. கேட்பதற்கு நல்ல குணமாகத்தான் இருக்கும். கூட இருந்து குப்பை கொட்டியவர்களுக்குத்தான் அந்தப் பாடு தெரியும். கல்யாணப் பேச்சு நடந்த அன்றைக்கு, "பொண்ணு எப்படி?" என்று மாப்பிள்ளை வீட்டார் ஒரு பேச்சுக்குக் கேட்டதற்கு, "நல்லவதான். கோபம் வரும். அடிக்கடி வரும். ஆனா சீக்கிரம் போயிடும்" என்று பதில் வந்தது. இருபத்திரண்டு வருடத்தில் அதில் ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை.

அத்தை தையல்காரர். அரசுக் குடியிருப்பில் மூன்றாவது மாடி, ஒரு கூடம், ஒரு படுக்கையறை, ஒரு சமையலறை. கூடத்து ஜன்னலோரம் தையல் மிஷின். பழைய துணிகளைப் பிடித்துத் தருவதும் பிரித்துத் தருவதும்தான் பிழைப்பு. மாப்பிள்ளையின் சீருடைக் கால்சட்டைகளை வருடத்துக்கு ஒருமுறை வாங்கி, இடுப்பில் அரை அங்குலம் பிரித்துத் தைத்து, இஸ்திரி போட்டு அனுப்புவார். தொப்பையைப் பற்றி இன்றுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. பொய் சொல்லத்தான் வராதே தவிர, சொல்லாமல் இருக்க நன்றாகவே வரும். மாப்பிள்ளைக்கு அத்தை மேல் இருந்த பாசத்துக்கு இந்த அரை அங்குலங்களே போதும். வேறு காரணமும் தேவையில்லை.

நான்கு வருடத்துக்கு முன்பு ஒரு சட்டம் வந்தது. எந்த மதமானாலும் சரி, ஒரு வீட்டில் ஐந்து பேர் வரை கூடி வழிபடலாம். ஆறாவது ஆள் சேர்ந்தால் அது சபை. சபைக்கு உரிமம் வேண்டும். உரிமத்துக்கு இரண்டு வாசல், வண்டி நிறுத்த இடம், அக்கம்பக்கத்துப் பதினோரு வீட்டுக் கையெழுத்து எல்லாம் வேண்டும். சத்தமும் நெரிசலும் குறைய என்று காரணம் சொன்னார்கள். ஐந்து பேர் கூப்பிட்டால் கடவுள் வரலாம், ஆறு பேர் கூப்பிட்டால் படிவத்தோடு வர வேண்டும் என்பதை எந்தப் புண்ணியவான் கண்டுபிடித்தான் என்று யாரும் கேட்கவில்லை. அரசுக் குடியிருப்பில் மீறினால் பதினைந்து நாளில் வீட்டைக் காலி செய்ய வேண்டும்.

வீடு வீடாகப் போய்த் தலை எண்ணும் வேலை நம் ஆய்வாளருக்கு வந்தது. அவருக்குக் கடவுள் மேல் கோபமும் இல்லை, கடவுளோடு பேச்சுவார்த்தையும் இல்லை. மாதச் சம்பளத்துக்கு எண்ணினார், எண்ணியதை எழுதினார்.

இதில் என்ன சங்கடம் என்றால், அத்தை வீட்டில் ஒவ்வொரு சனிக்கிழமையும் நாலு மணிக்குக் கூடுகிறவர்கள் ஆறு பேர். அத்தை, ஓய்வு பெற்ற நர்ஸ், லிஃப்ட் ஓட்டும் அக்கா, கணக்கு டீச்சர், லாண்டரி வைத்திருக்கும் அக்கா தங்கை இரண்டு பேர். பாட்டு கிடையாது, மணி கிடையாது. ஒரு மணி நேரம் கண்ணை மூடிக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். அவ்வளவுதான் அவர்கள் வழிபாடு. பதினாறு வருடமாக அப்படித்தான். சட்டம் வந்தபோது ஒருத்தியைக் கழற்றிவிட ஐந்து பேருக்கும் மனசு வரவில்லை.

வழி சொன்னவர் நம் ஆய்வாளர்தான். "அத்தை, கூடத்துல அஞ்சு பேர் உட்காருங்க. ஒருத்தர் சமையலறையில கதவைச் சாத்திக்கிட்டு ஏதாவது வேலை பார்க்கட்டும். அவங்க வந்தது சமைக்க. வாரம் ஒருத்தர்னு முறை போட்டுக்குங்க. சட்டம் ஒண்ணும் பண்ண முடியாது."

அன்றைக்கு அவருக்குத் தன் மூளையை நினைத்தே பெருமை தாங்கவில்லை. அத்தை ஊசியில் நூலைக் கோத்துவிட்டு, "சரி மாப்பிள்ளை, நீங்க சொன்னா சரி" என்றார். அதிலிருந்து சனிக்கிழமைதோறும் ஒருத்தி சமையலறையில். காய் நறுக்கினார்கள், கீரை ஆய்ந்தார்கள், பாத்திரம் தேய்த்தார்கள். "இந்த வாரம் யாருக்கு ஜெயில்?" என்று லிஃப்ட் அக்கா கேட்டால் எல்லோரும் சிரிப்பார்கள். தான் எண்ணும் வட்டத்தில் உறவினர் வீடு இருந்தால் ஆய்வாளர் முன்கூட்டியே எழுதித் தர வேண்டும் என்று ஒரு விதி உண்டு. இவர் எழுதித் தரவில்லை. வாசலில் நின்று கூடத்தை எட்டிப் பார்த்து 'ஐந்து' என்று எழுதிவிட்டு, டீ குடித்துவிட்டுப் போவார்.

எத்தனை நாள் ஓடும்? கீழ்வீட்டுக்காரர் ஒருவர் மாடிப்படி ஏறி வந்து செருப்பை எண்ணியிருக்கிறார். 'மூன்றாவது மாடியில் சனிக்கிழமைதோறும் ஆறு ஜோடி' என்று மனு போய்விட்டது. புதிதாக மாற்றலாகி வந்திருந்த அதிகாரியம்மா அதைப் படித்துவிட்டு, "இந்தச் சனிக்கிழமை நானும் உங்களோட வர்றேன்" என்றார்.

ஆய்வாளர் அன்றைக்கு டீ குடிக்கக்கூட நிற்கவில்லை. வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார்.

"அம்மாகிட்ட அஞ்சுன்னு சொல்லச் சொல்லணும், அவ்வளவுதானே? நீங்களே போய்ச் சொல்லுங்க" என்றாள் அவள். "சின்ன வயசுல, நான் ஸ்கூலுக்கு மட்டம் போட்டதுக்குக் காய்ச்சல்னு லெட்டர் எழுதித் தரச் சொன்னேன். 'என் பெண்ணுக்கு வர இஷ்டமில்லை'ன்னு எழுதிக் கொடுத்தாங்க. டீச்சர் அதை வகுப்புல சத்தமாப் படிச்சாங்க."

மறுநாள் காலையிலேயே அத்தை வீட்டுக்குப் போனார். மிஷினில் ஒரு கோட்டின் கை தைபட்டுக்கொண்டிருந்தது.

"இந்த வாரம் மட்டும் நர்ஸம்மாவை வர வேண்டாம்னு சொல்லிடலாமா அத்தை?"

"அவளுக்கு அடுத்த வியாழக்கிழமை ஆபரேஷன், மாப்பிள்ளை. வயித்துல கட்டி. இந்த வாரமா வர வேண்டாம்னு சொல்றது?"

"சரி, வரட்டும். இந்த வாரம் சமையலறை முறை யாரோடது?"

"அவளோடதுதான். மாத்திக்கலாம்டின்னு எல்லாரும் கெஞ்சிப் பார்த்தோம். முறைன்னா முறைங்கறா. நாப்பது வருஷம் டூட்டி பார்த்தவ இல்லையா."

"அதிகாரி கேட்டா நீங்க..."

அத்தை மிஷினை நிறுத்தினார். "கேட்டா இருக்கறதைச் சொல்லுவேன். கவலைப்படாதீங்க, டீ போடவா?"

கூடத்தில் இருக்கப் போவது ஐந்து பேர்தானே, இருப்பதைச் சொன்னால் ஐந்துதானே என்று ஆய்வாளர் தன் மனசைத் தானே தேற்றிக்கொண்டார். டீயையும் குடித்தார். பாவம்.

சனிக்கிழமை நாலரை மணிக்கு அதிகாரியம்மா முட்டியைப் பிடித்துக்கொண்டு மூன்று மாடி ஏறினார். கெட்ட மனுஷி இல்லை. ஒவ்வொரு மாடியிலும் நின்று, "லிஃப்ட் எப்ப சரி பண்ணுவாங்களாம்?" என்று கேட்டார். கதவு திறந்தேதான் இருந்தது. கூடத்தில் ஐந்து நாற்காலி, ஐந்து பேர். ஐந்து பேரும் கண்ணை மூடியிருந்தார்கள். தெருவில் யாரோ வண்டியைக் கிளப்பும் சத்தம் மட்டும் கேட்டது. அதிகாரியம்மாவே குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அஞ்சு" என்றார்.

"அஞ்சுதான் மேடம்" என்றார் ஆய்வாளர். போன உயிர் பாதி திரும்பியிருந்தது.

அதிகாரியம்மா சமையலறைக் கதவைத் தள்ளினார். நர்ஸம்மா ஸ்டூலில் உட்கார்ந்து வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். கத்தி மெதுவாகப் போய் வந்தது. உதடு அசைந்துகொண்டிருந்தது. கண்ணிலிருந்து நீர் வழிந்து தாடை வரைக்கும் வந்துவிட்டது. கதவு திறந்ததுகூட அவருக்குத் தெரியவில்லை.

"இவங்க?"

"சமையலுக்கு வந்திருக்காங்க மேடம்."

அதிகாரியம்மா நர்ஸம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றார். வெங்காயத்துக்கு வரும் கண்ணீரையும் மற்றதையும் பிரித்துப் பார்க்கத் தெரியாத வயசு இல்லை அவருக்கு. திரும்பி வந்து படிவத்தை விரித்தார். கூடத்தில் எல்லோரும் கண் திறந்திருந்தார்கள்.

"வீட்டுக்காரம்மா நீங்கதானே? ஒரே ஒரு கேள்விதான். இன்னைக்கு இந்த வீட்டுல வழிபடறவங்க எத்தனை பேர்?"

ஆய்வாளர் அத்தையைப் பார்த்தார். ஐந்து, அத்தை. ஒரு சின்ன வார்த்தை. உங்கள் வாயில் இதுவரை வராத வார்த்தையா?

"ஆறு" என்றார் அத்தை.

லாண்டரி அக்காவின் கை தங்கையின் கையைப் பிடித்தது.

"நான் பார்த்தது அஞ்சு பேரைத்தான்மா" என்றார் அதிகாரியம்மா மெதுவாக. "அவரும் அஞ்சுன்னுதான் எண்ணினார். நீங்க சொன்னதை நான் கேட்கலைன்னு வெச்சுக்கலாம்."

"கேட்டீங்களேம்மா" என்றார் அத்தை.

பிறகு மாப்பிள்ளை பக்கம் திரும்பினார். குரலில் கோபம் துளியும் இல்லை. "கோவிச்சுக்காதீங்க. உங்களைச் சங்கடத்துல மாட்டிவிடணும்னு இல்லை. அவ அங்க உட்கார்ந்து வெங்காயம் வெட்டிக்கிட்டே வேண்டிக்கிறா. உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு வேண்டிக்கிறா. நான் இங்க அஞ்சுன்னு சொன்னா, அவ வேண்டினது கணக்குல இல்லைன்னு நானே சொன்ன மாதிரி ஆயிடும். நாலு வருஷமா யாரும் என்னைக் கேட்கலை, நானும் சொல்லலை. இன்னைக்குக் கேட்டுட்டாங்க."

நான்கு வருடம். சனிக்கிழமைக்கு ஒருத்தியாக, கதவைச் சாத்திக்கொண்டு. அந்த யோசனையைச் சொன்னது யார், அதற்காகப் பெருமைப்பட்டது யார் என்று ஆய்வாளருக்கு நினைவு வந்தது. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வார்கள் என்பார்கள். இவர் அத்தை செலவில் வைத்திருக்கிறார். வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது.

"எழுதுங்க" என்று அதிகாரியம்மா படிவத்தை அவரிடம் நீட்டினார். "கையெழுத்துப் போட வேண்டியவர் நீங்கதான். என்ன எழுதறீங்களோ அதை நான் மேல அனுப்பறேன்."

இன்னமும் வழி இருந்தது. ஐந்து என்று எழுதலாம். அத்தைக்கு வீடு தங்கும், தனக்கு வேலை தங்கும். அதிகாரியம்மா கண்டுகொள்ள மாட்டார். கதவுக்கு அந்தப் பக்கம் கத்திச் சத்தம் நின்றுவிட்டது. நர்ஸம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

"எழுதுங்க மாப்பிள்ளை" என்றார் அத்தை. "வீடு போனா என்ன, உங்க வீட்டுக்கு வந்துடறேன். ஆனா ஒண்ணு, என் பொண்ணு கோபத்தை நீங்கதான் பங்கு போட்டுக்கணும்."

ஆய்வாளருக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. தையல் மிஷின் பலகை மேல் படிவத்தை வைத்து, 'ஆறு' என்று எழுதினார். அதோடு நிறுத்தியிருக்கலாம். குறிப்பு என்று கீழே ஒரு கட்டம் இருந்தது. நான்கு வருடமாக அவர் அதைக் காலியாகவே விட்டு வந்தவர். அதில் எழுதினார்: 'சமையலறையில் இருந்தவரை அங்கே உட்காரச் சொன்னது நான். இவர்கள் சட்டத்தை ஏமாற்றவில்லை, என் பேச்சைக் கேட்டார்கள். இந்த வீட்டுக்காரர் என் மாமியார். இதை நான் முன்பே தெரிவித்திருக்க வேண்டும்.' கையெழுத்துப் போட்டார்.

அதிகாரியம்மா அதை இரண்டு முறை படித்தார். "வேலைக்கே உலை வெச்சுக்கிறீங்க, தெரியுதா?"

"தெரியுது மேடம்."

"விசாரணை வரும். விதியே சரியில்லைன்னு மேலிடத்துல பேசறவங்களும் இருக்காங்க. பார்க்கலாம்." படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்தார். ஆனால் கிளம்பவில்லை. முட்டியைத் தடவிக்கொண்டு அங்கேயே நின்றார்.

சமையலறைக் கதவு திறந்தது. நர்ஸம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். நாற்காலி ஐந்துதான் இருந்தது. டீச்சர் எழுந்து அவரைத் தன் இடத்தில் உட்கார வைத்துவிட்டு, சமையலறை ஸ்டூலை எடுத்து வந்து போட்டுக்கொண்டார். "நீங்களும் உட்காருங்கம்மா, மாடி ஏறி வந்திருக்கீங்க" என்று லிஃப்ட் அக்கா தன் நாற்காலியை அதிகாரியம்மாவுக்குத் தள்ளிவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். அதிகாரியம்மா ஒரு நிமிடம் தயங்கினார். பிறகு போனை எடுத்துச் சத்தத்தை நிறுத்தி, பைக்குள் போட்டுவிட்டு உட்கார்ந்தார்.

"இன்னும் கால் மணி நேரம் பாக்கி இருக்கு" என்றார் அத்தை.

எல்லோரும் கண்ணை மூடினார்கள். அந்தக் கூடத்தில் வாய்விட்டு யாரும் எதுவும் கேட்பது வழக்கமில்லை. அன்றைக்கு அத்தை கேட்டார், கடைக்காரரிடம் சாமான் சொல்கிற குரலில்.

"இவளுக்கு வியாழக்கிழமை நல்லபடியா முடியணும். இந்த அம்மாவுக்கு முட்டிவலி குறையணும். கீழ்வீட்டுக்காரருக்குப் பொழுது போக வேற ஏதாவது கிடைக்கணும். எங்க மாப்பிள்ளைக்கு வேலை போகக் கூடாது. போனாலும் தூக்கம் போகக் கூடாது."

அதோடு நிறுத்திக்கொண்டார். வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

ஆய்வாளர் மிஷினுக்குப் பக்கத்தில் நின்றபடி காத்திருந்தார். அடுத்து வீட்டைக் கேட்பார் என்று நினைத்தார். கேட்கவில்லை. மற்றவர்களாவது கேட்க மாட்டார்களா என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். மூடிய கண்ணுக்குள் யார் என்ன கேட்கிறார்கள் என்று எப்படித் தெரியும்? ஊர் முழுக்கத் தலை எண்ணியவருக்கு அதுகூடத் தெரியவில்லை. ஒருவேளை யாருமே கேட்காமல் விட்டுவிட்டால்? இந்த ஜன்னல், இந்த மிஷின், இந்த மனுஷி. அவருக்குத் தாங்கவில்லை.

யாரிடம் கேட்பது, எப்படி ஆரம்பிப்பது என்று அவருக்குத் தெரியாது. தெரியாமலே கண்ணை மூடிக்கொண்டு, அந்த வீட்டை அவரே கேட்டார்.