குண்டடி பட்ட ஜீப்

2025 ஜனவரி 26 அன்று பாளையங்கோட்டையில் பழைய வாகனக் கண்காட்சி நடந்தது. அதில் முதல் பரிசை வாங்கியே தீருவதென்று, துபாயிலிருந்து திரும்பிய அய்மன் மாஞ்சோலை மலைத் தேயிலை எஸ்டேட்டின் ஜீப் ஒன்றை வாங்கிப் புதுப்பித்திருந்தார். கதவிலிருந்த எஸ்டேட் பெயரைச் சுரண்டிவிட்டு, ராணுவப் பச்சை அடித்து, வெள்ளை நட்சத்திரம் வரைந்தார். வீரம் போதவில்லையென்று பானெட்டில் டிரில் வைத்துக் குண்டுத் துளைகளும் போட்டார்.

"ரெண்டாம் உலகப்போர்ல ஜெர்மன்காரன் சுட்டது," என்றார்.

நடுவர் ரெக்சன் இன்ஜின் பக்கத்துத் தகட்டைப் படித்தார்.

"எழுபத்தெட்டுல செஞ்ச வண்டி வே இது. ஜெர்மன்காரன் அதுவரைக்கும் மலையடியில மணிமுத்தாறுல காத்துக்கெடந்தா சுட்டான்? பிள்ளைத்தாச்சியள மலையிலேர்ந்து எறக்கின வண்டிய எனக்குத் தெரியாதா? எஸ்டேட் பேரோட வந்திருந்தா பரிசு ஒமக்குத்தான்."

ஜீப் பார்வையாளர்களின் ஸ்கூட்டர்களோடு நிறுத்தப்பட்டது.