ஒடியாத கட்டை

மொண்டானா மலையில் இருக்கும் ஸ்ப்ரூஸ் கேப் ஊரில், பனித் திருவிழாவுக்கு, காலில் மாட்டிப் பனியில் போகும் நல்ல சறுக்குக் கட்டையை ரம்பத்தால் அறுப்பார்கள். பைத்தியக்காரத்தனம்தான், ஆனால் வழக்கம். நார்வேயிலிருந்து வந்து சுரங்கத்துக்குத் தபால் சுமந்த டோர்ஸ்டைன், ஊரின் முதல் பந்தயத்தில் ஒரு கட்டை பாதியில் ஒடிந்தும் ஜெயித்தாராம். அதனால் இன்றும் ஒரு காலில் நெட்டைக் கட்டை, மறு காலில் குட்டைக் கட்டை மாட்டிக்கொண்டுதான் சுரங்க மேட்டில் ஏறி இறங்க வேண்டும். அவருடைய பேரன் ஹால்வர்தான் நடுவர். தாத்தா கதையைச் சொல்லித்தான் பந்தயத்தைத் தொடங்குவார். சொல்லும்போதெல்லாம் கண் கலங்கும்.

அவர் மகள் ரூனா, ஊர் அருங்காட்சியகத்தைப் பார்த்துக்கொள்பவள். பந்தயத்தில் எப்போதும் கடைசி. இந்த வருஷம் தூசி துடைக்க டோர்ஸ்டைனின் கட்டைகளைச் சுவரிலிருந்து இறக்கினாள். குட்டையைத் திருப்பியதும் கை நின்றுவிட்டது. ஒடிந்த தடம் எங்கே? வால்பக்கம் வழுவழுவென்று இழைத்திருந்தது. அடிப்பக்க ஓரமெல்லாம் ஆணி ஓட்டைகள். ஒன்றில் நாலு மயிர் ஒட்டியிருந்தது. கட்டைக்கு எதற்கு மயிர்? அந்த யோசனையில் மத்தியானச் சூப் ஆறிப்போனது.

தன் குட்டைக் கட்டையின் அடியில், மயிர் பின்பக்கம் படியும்படி மான்தோலை ஆணியால் அடித்து மேட்டில் ஏறிப் பார்த்தாள். நெட்டை சறுக்கியது. குட்டை பின்னால் வழுக்காமல் பனியைப் பிடித்து அவளை முன்னால் தள்ளிவிட்டது. அந்தக் காலத்தில் செய்யும்போதே ஒன்றைக் குட்டையாகத்தான் செய்திருக்கிறார்கள்! சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அப்பாவை நினைத்ததும் அடங்கிவிட்டது.

அன்றே அவரிடம் சொன்னாள்.

"ஒடியலைன்னா அதுல என்னடி பெருமை?" என்றார் ஹால்வர். "ஊரே கட்டைய அறுத்துட்டு நிக்குது. வாய மூடிட்டுப் போ."

வாயை மூடிக்கொண்டாள். ஆனால் தோலைக் கழற்றவில்லை.

பந்தயத்தன்று கறிக்கடை எல்மர் அவள் காலைப் பார்த்துவிட்டான். "என்ன ரூனா, கட்டைக்குக் குளிருதா?"

ஏற்றத்தில் எல்லாரும் வழுக்கி வழுக்கித் தவித்தார்கள், எல்மர் உட்பட. ரூனா மாடிப்படி ஏறுவது போல ஏறிப் போனாள். திரும்பி வந்தபோது முன்னால் யாரும் இல்லை.

ஹால்வர் விசிலை ஊதினார். "செல்லாது! தோல் அடிச்சா செல்லாது!"

"சரிப்பா," என்றாள் மூச்சு வாங்க. "அப்ப உங்க தாத்தா ஜெயிச்சதும் செல்லாது."

ஹால்வர் முகம் சிவந்தது. அவர் குனிந்து, அந்தத் தோலை மயிர் படியும் பக்கமாக ஒருமுறை, எதிர்ப்பக்கமாக ஒருமுறை தடவிப் பார்த்தார். பிறகு வெற்றிக் கோப்பையை மகள் கையில் திணித்துவிட்டு, தன் பூட்ஸைத் தட்டி ஒட்டியிருந்த பனியை உதிர்த்தார்.

"கழட்டுடி அந்தக் கட்டைகள. நானும் ஒரு தடவ ஏறிப் பாக்கறேன்."